வராத பிள்ளைக்கு வந்த மெசேஜ்

கரியமாணிக்கம் போகும் சாயங்கால பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண், பக்கத்தில் அவள் தெருக்கார அக்கா. அந்தப் பெண் சொன்னாள்:

"நான் ஸ்கூலுக்கு வரலைன்னு மெசேஜ் எனக்கேதான்க்கா வரும்."

"இன்னாடி சொல்ற?"

"ஃபார்ம்ல அம்மா நம்பர்னு என் நம்பரைத்தான் எழுதினேன். அம்மா குவைத்ல கீது. அப்பா லாரி ஏறினா வர்றதுக்குப் பத்து நாள் ஆவும்."

"நீ இன்னா பதில் போடுவ?"

"பொண்ணுக்கு ஜுரம்னு போடுவேன். உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு வரும்."

அக்கா சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"பிளஸ் டூடி. ஏன் போவாம இருந்த?"

"எழுப்ப ஆள் இல்லக்கா. முழிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும். லேட்டா போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. கதவைச் சாத்திக்கினு படுத்துடுவேன். இப்ப அட்டெண்டன்ஸ் பத்தல. நாளைக்கு வூட்லருந்து பெரியவங்க வந்து கையெழுத்துப் போடலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்களாம். நீ வர்றியாக்கா?"

எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை நாளில் ஒரு வாத்தியார் அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். மெசேஜ் போனதும் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.

"நாளைக்கு எனக்கு நடவு வேலைடி" என்றார் அக்கா. பிறகு அவரே சொன்னார்:

"சரி, வரேன். நீ யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"கேக்கமாட்டாங்கக்கா. இதுவரைக்கும் யாரும் எதுவும் கேக்கல."