குளுக்கோஸ் ஏத்தாத ஆஸ்பத்திரி

கேட்டுச்சுங்களா? இந்தா, மறுக்கா. சன்னலப் பாக்காதீங்க, திரை போட்டிருக்குது, ஒண்ணுந் தெரியாது. சத்தம் மட்டுந்தான் வரும். சிரிப்புச் சத்தந்தானுங்களே அது? எனக்கு மட்டும் அப்படிக் கேக்குதோன்னு பாத்தேன். எம்பட சம்சாரமுங்க, ஆத்தாயி. வயித்துல கட்டி. ஈரல் வரைக்கும் பரவிப் போச்சு, இனிமேப்பட்டு ஒண்ணும் பண்றதுக்கில்ல, கூட்டிட்டுப் போயிருங்கன்னு நாமக்கல்லுல கைய விரிச்சுட்டாங்க. அப்பேர்ப்பட்டவ சிரிக்கறா. ஏனுங்க தம்பி, இத எதுல சேக்கறது?

சும்மா நிக்கறதுக்கு இந்தப் போர்வையோட முனையக் கொஞ்சம் புடிங்க. ஒருத்தனா முறுக்க முடியல. நீங்க அந்தப் பக்கமாத் திருப்புங்க, நா இந்தப் பக்கம். ஆங், அப்படித்தான். இந்த மஞ்சுல எங்க காயப் போகுது. எங்க அடிவாரமா இருந்தா ஒரு பொழுதுல மொறமொறன்னு காஞ்சிரும்.

நீங்க எந்தூருங்க? பைல் நாடுங்களா? அட, இதே மலையில பக்கந்தான். யாருக்குப் பாக்க வந்தீங்க? அம்மாளுக்கா. பேச்சு இருக்குதுங்களா? அது இருந்தாப் போதும். எடம் எப்படின்னு விசாரிக்க வந்தீங்களாக்கும். நல்லவேளை, ஆபீசுக்குள்ள போறதுக்கு முந்தி இங்க வந்தீங்க. கத்திரிக்கா விக்கறவன் எங்கயாச்சும் சொத்தைன்னு சொல்லுவானுங்களா? எங்கிட்டக் கேளுங்க. தீபாவளிக்கு முந்தி வந்தவன். தீபாவளியே இங்கதான். ஆளுக்கொரு அதிரசம் குடுத்தாங்க. இவ அதுல ஒரு வெரக்கடை தின்னுட்டு வெல்லம் பத்தாதுன்னு கொறை சொன்னா.

நா சாமியப்பனுங்க. காரவள்ளிப் பக்கம். வெங்காயம், மரவள்ளின்னு கொஞ்சம் காடு கெடக்குது. பையன் ஓசூர்ல கம்பெனி வேலை. அவந்தான் போன்ல தேடி இந்த எடத்தப் புடிச்சான். ஒரு பைசா வேண்டாங்கறாங்கப்பான்னான். அங்கதானுங்க எனக்கு மொதல் சந்தேகம். ஓசியில குடுக்கறவன் ஒண்ணு ஓட்டுக் கேப்பான், இல்ல நெலங் கேப்பான். இவிய ரெண்டும் கேக்கல. அதுதான் இன்னும் பயம்.

இல்லீங்க, துணி தொவைக்கச் சொல்லி யாரும் சொல்லல. அதுக்கு ஆளு இருக்குது. நானா வாங்கிட்டு வந்தேன். படுக்கையில கெடக்கறவங்களை எப்படி வெச்சிருக்கறாங்கன்னு டாக்டரு சொல்லித் தெரியாது. போர்வை சொல்லும். சீழு இருக்குதா, ரத்தம் இருக்குதா, ஒரே எடத்துல கறை காஞ்சு கெடக்குதா, எல்லாம் தெரிஞ்சு போகும். தெனமும் பாக்கறனுங்க. இதுவரைக்கும் ஒண்ணும் சிக்கல. முந்தியே அலசிட்டுக் குடுக்கறாங்களோ என்னமோ.

உள்ள போனா நாத்தம் அடிக்காது பாருங்க. நாமக்கல்லுல நொழஞ்சாலே மருந்து வாடை மூக்கத் தொளைக்கும். இங்க சோறு வேகற வாசம் வருது. இதென்ன ஆஸ்பத்திரியா, சமையக்கட்டா? வந்ததுல இருந்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தலீங்க. ஒரு பாட்டில்! கேட்டா, அய்யா, இப்ப இவிய ஒடம்பு அத வாங்காது, கால் வீங்கும், மூச்சுத் திணறுங்கறாங்க. வாய் காஞ்சா பஞ்சுல தண்ணி தொட்டுத் தொட்டு வெக்கறாங்க. சளி புடிச்சவனுக்குக் கூட ஒரு பாட்டில் ஏத்தித்தானுங்க அனுப்புவாங்க? குளுக்கோஸ் ஏத்தாத ஆஸ்பத்திரி எங்கயாச்சும் உண்டுங்களா?

அந்த நர்ஸு அம்மிணி, ராதிகா, இந்த மலையில குண்டூர் நாட்டுப் புள்ள. வந்த அன்னிக்கே கட்டலோரமா உக்காந்துகிட்டு, உங்களுக்கு என்னம்மா பயம்னு கேக்குது. நோயாளிகிட்டக் கேக்கற கேள்விங்களா இது? வவுறு போச்சா, காச்சல் இருக்குதான்னு கேளு. பயத்தக் கேட்டு நீ என்ன பண்ணப் போற? இவளும் என்னைய வெளிய அனுப்பிட்டு என்னமோ சொல்லிருக்கறா. என்ன சொன்னான்னு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்டச் சொல்லல. கல்யாணமாகி இத்தன வருசம், எனக்குத் தெரியாம அவளுக்கு என்னங்க பயம்?

வேலைக்காரன் மடையத் தொறந்து தண்ணி பாச்சுனானான்னு பாக்க, பாத்தியில ஒரு குச்சிய நட்டு வெச்சுட்டு வருவேன். குச்சி சாஞ்சிருந்தா தண்ணி போயிருக்குது. நட்டபடி நின்னா பய தூங்கிருக்கறான். இங்கயும் அதே வேலையச் செஞ்சனுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வெக்கறம், அப்பத்தான் முதுகு புண்ணாகாதுன்னு சொல்றாங்களே. இவ இடுப்புக்குக் கீழ ஒரு வெத்தலைக் கிழிசல வெச்சுட்டு டீக்குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா எலையக் காணோம். இந்தப் புள்ள கைய நீட்டி, இந்தாங்கய்யா உங்க வெத்தலை, அடுத்த தடவ பாக்கோட வைங்கங்குது. மொகத்துல கோவமே இல்லீங்க. கோவம் வராத மனுசங்களை நா நம்பறதில்ல.

சிரிங்க, சிரிங்க. இன்னொண்ணு கேட்டா இன்னும் சிரிப்பீங்க. மாத்திரை குடுக்கறாங்கல்ல, வலிக்கு. அதத் தின்ன பொறவு இவ மொகம் தெளியுது. பேசறா, பாட்டெல்லாம் மொனங்கறா. போதை மாத்திரையக் குடுத்து மயக்கி வெச்சிருக்கறாங்களோன்னு எனக்கு ஒரே வெசனம். ஒருநா, நானே குடுக்கறேன் அம்மிணின்னு வாங்கி, ஓரத்துல கடிச்சுப் பாத்தனுங்க. வேப்பங்காயாட்டம் கசப்பு. பாதி வாயோட போயிருச்சு. அந்தப் புள்ள பாத்துட்டுப் பதறிப் போயி, இவளுக்கு வேற எடுத்துக் குடுத்துச்சு. எனக்குச் சிரிப்பும் வரல, ஒரு மண்ணும் வரல. அந்த மொளகுக்கொடி மரத்தடியில வாந்தி எடுத்துட்டு, வெறகு அடுக்குக்குப் பக்கத்துல பொழுது சாயற வரைக்கும் தூங்கிருக்கறேன். சமையக்கார அம்மா வந்து, ஏனுங்க, உங்களுக்கும் ஒரு கட்டல் போடட்டுமான்னுச்சு. ஆனா ஒண்ணு தெரிஞ்சு போச்சு. இவ சிரிக்கறது மாத்திரையால இல்ல.

இருங்க, போனு.

ஏப்பா இளங்கோ, சொல்லு. சோளக்காட்டுச் சந்தையிலயே நில்லுப்பா. அன்னாசிப் பழம் அறுத்து விப்பாங்க, மொளகாப்பொடி தூவித் தின்னு. கூப்புடறேன். துணி காயட்டுமப்பா. அட, வாரேங்கறன்ல!

வண்டிக்காரப் பையனுங்க. எங்கூரு. ஆமாங்க, வேன் கொண்டாந்திருக்கறேன். பின்னால சீட்டக் கழட்டி மெத்தை போட்டிருக்குது. இவள இன்னிக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான். இங்க யாரும் தடுக்கலீங்க. தாராளமாக் கூட்டிட்டுப் போங்க, வாரத்துக்கு ஒருக்கா ஜீப்புல வந்து பாத்துக்கறோம்னுட்டாங்க. இத்தன லேசா யாருங்க அனுப்புவா? அவளும் நேத்து வரைக்கும் வாரேன் வாரேன்னுதான் சொல்லிட்டிருந்தா. கோழி அடைகாத்துச்சே, பொரிச்சிருச்சான்னு கேட்டா. இன்னிக்கு வெடிஞ்சதுல இருந்துதான் இந்த மொனகல்.

ஆமா, மொனகல். நா உள்ள போனா, அய்யோ அம்மான்னு இடுப்பப் புடிச்சுக்கறா. என்னால இந்த எழுவது வளைவும் எறங்க முடியாதுங்கறா. நா வெளிய வந்து தொவைக்கற கல்லுகிட்ட நின்னா, இப்பக் கேட்டீங்களே, அந்தச் சிரிப்பு.

இருங்க, மூச்சு வாங்குது. ஒண்ணுமில்லீங்க, பழைய எளைப்பு. இந்தக் குளுருக்கு மேல ஏறி வந்தாக் கொஞ்சம் தூக்கிரும். போர்வைய வுட்டுராதீங்க, மண்ணுல படும்.

இதையெல்லாங்கூடத் தள்ளிருவேன் தம்பி. இத மட்டும் கேளுங்க. தெனமும் காலையில இந்தப் புள்ள கட்டல்கிட்ட வருது. இவ காதோட என்னமோ கேக்கறா. அது போன எடுத்துப் பாத்துட்டு மெல்லமா ஒரு வார்த்தை சொல்லுது. இவ வெரல மடக்கி எண்ணிகிட்டுத் தலைய ஆட்டறா. நா பக்கத்துல போனா ரெண்டு பேரும் கப்சிப். தெனமும் இதே. நாள் குறிக்கறாங்க. இன்ன நாள்ல ஊசியப் போட்டு முடிச்சு வுட்டுரலாம்னு பேசி வெச்சிருக்கறாங்க. அதான் ஓசி, அதான் குளுக்கோஸு இல்ல. அப்படித்தான் முடிச்சுப் போட்டேன். அதனாலதான் நேத்து ராத்திரியே இளங்கோவுக்குப் போன் போட்டு, வெடியவே வண்டியக் கொண்டாடான்னேன்.

ஏனுங்க, எங்க கெளம்பிட்டீங்க? உங்க அம்மாள வேற எடத்துலயா? அட இருங்க தம்பி, பாதியில வுட்டுட்டுப் போனா எப்படி? முறுக்குன போர்வையும் பாதி, சொன்ன பேச்சும் பாதி.

மறுபடியும் இவன். ஏப்பா, என்ன? எத்தன நேரம்னா... இளங்கோ, நீ ஒண்ணு பண்ணு. கீழ போயிரு. ஆமா, காலி வண்டியாவே போ. மெத்தைய எங்கூட்டு வாசல்லயே போட்ரு. கோவமெல்லாம் இல்லப்பா. பாத்துப் போ, வளைவுல மஞ்சு இருக்கும்.

இல்லீங்க, ஒண்ணும் மூளை பெசகல. வண்டிய அனுப்பிரணும்னு வெடிகாலையிலயே தோணிப்போச்சு. வாய் வரலை, அவ்வளவுதான்.

இன்னிக்குக் கையும் களவுமாப் புடிச்சிரலாம்னு இந்தச் சன்னலுக்குக் கீழ, இந்தா, இந்த எடத்துல குத்த வெச்சு உக்காந்திருந்தனுங்க. இவதான் கேக்கறா. அம்மிணி, இன்னிக்கு என்ன நச்சத்திரம்னு. அந்தப் புள்ள போனப் பாத்து, திருவோணம்மா, நாளைக்கு அவிட்டங்குது. தெனமும் கேட்டது இதுதானுங்க.

உங்க பைல் நாட்டுல அடைப்புப் பாப்பீங்களா? அவ்வளவாப் பாக்க மாட்டீங்களா, சரி. எங்க பக்கம் அது பெரிய சங்கதி. அவிட்டத்துல இருந்து ரேவதி முடிய அஞ்சு நாளு. அதுல ஊட்டுக்குள்ள உசுரு போனா ஊட்ட அடைச்சுரணும். ஆறு மாசத்துக்கு வெளக்கேத்தக் கூடாது, படுக்கக் கூடாது. நடைக்கு முள்ளுப் போட்ருவாங்க. நாலு ரூமு இருக்கறவன் ஒரு ரூமப் பூட்டிக்குவான். எங்களுது மொத்தமே ஒரு ரூமு.

எங்கம்மா சதயத்துல போயிட்டாங்க. அப்ப ஆத்தாயி எங்கூட்டுக்கு வந்து ஒரு வருசங்கூட ஆகல. ஆறு மாசம் மாட்டுக் கொட்டாய்லதான் குடும்பம். மழையும் அங்கதான், மார்கழிப் பனியும் அங்கதான். நா நெஞ்சு எளைக்க ஆரம்பிச்சது அப்பத்தான். ராத்திரியெல்லாம் என்னைய நிமுத்தி உக்கார வெச்சு முதுகத் தேச்சுகிட்டே இருப்பா.

அந்தப் புள்ளகிட்டச் சொல்றா. எங்கூட்டுக்காரரு வண்டி கொண்டாந்திருக்கறாரு, என்னைய அனுப்பிராதீங்க அம்மிணி. நாளைக்கோ மறுநாளோ நா ஊட்டுல கண்ண மூடிட்டா, அந்த மனுசன் மறுபடியும் கொட்டாய்க்குத்தான் போகணும். இந்த வயசுல, அந்த நெஞ்ச வெச்சுகிட்டு, தை பொறக்கறதப் பாக்க மாட்டாரு. அவளுக்கு வலி அதிகமாயிருச்சு, இப்ப அனுப்ப முடியாதுன்னு ஒரு பொய் சொல்லிருங்கங்கறா. அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுங்களா? அய்யாகிட்ட நா பொய் சொல்ல மாட்டனுங்கம்மா, அவருக்கு எங்க மேல இருக்கற நம்பிக்கையே கொஞ்சோண்டு, அதையும் கெடுத்துக்கக் கூடாது, நீங்களே மனசு வுட்டுச் சொல்லுங்கன்னுச்சு.

அதுக்கு இவ, அவருகிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டாரு, நானே மொனகிக்கறேன்னுட்டா.

அதுதானுங்க காலையில இருந்து நடக்குது.

அந்த ஊட்டுக்கு அவதான் செங்கல் சொமந்தா. அடிவாரத்துல எறக்குன கல்லையெல்லாம் தலைச்சொமையாக் கொண்டாந்து சேத்தா. இங்க உசுரு போனா, பொணத்த அந்த ஊட்டு நடை தாண்டி உள்ள கொண்டு போக மாட்டாங்க. வெளிய போன உசுரு. வாசல்லதான் போடணும். அது அவளுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுதான் மொனகறா.

இல்லீங்க தம்பி, கேட்டதச் சொல்லல. சொன்னா அவ எனக்காக மறைச்சு வெச்சதெல்லாம் வீணாப் போயிரும். கொஞ்ச நேரங் கழிச்சு உள்ள போவேன். மொனகுவா. ஆமா ஆத்தாயி, இத்தன வலியோட வளைவு எறங்க முடியாது, ஒரு வாரம் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டு, கால அமுக்கி வுட்டுகிட்டு உக்காந்துக்கணும்.

உங்க அம்மாளக் கூட்டிட்டு வாங்க. ஆனாப் பக்கத்துலயே இருங்க, ஒரு கண்ணு இருக்கட்டும். எனக்கு இன்னுங்கூட முழுசாத் தெளியல.

இதக் கொடியில போட்டுரலாம். அந்த வாளியில தலகாணி உறை ரெண்டு ஊறுது, இப்படித் தள்ளி வுடுங்க. சோப்பு எங்க வெச்சேன்?