புள்ளிக்குப் பின்னால் வரும் எண்

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. மீதிப் பேர் பத்து நிமிஷம் அலமாரிகளுக்கு நடுவில் திருதிருவென்று விழித்துவிட்டு என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். "நம்பர் சார், இது எங்க இருக்கும்?" இருபத்தாறு வருஷமாக இங்கே என் பெயர் அதுதான். நான் எழுந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன்.

விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. முதல் மூன்று இலக்கம் பாடம், புள்ளிக்குப் பின்னால் அதன் உட்பிரிவு, கீழே ஆசிரியர் பெயரில் மூன்று எழுத்து. எல்லாரும் தடுக்கி விழுவது அந்தப் புள்ளியில்தான். 515.35 முன்னால் வரும், 515.4 பின்னால் வரும். முப்பத்தைந்து நாலைவிடப் பெரிது என்று எண்ணி எதிர்ப்பக்கம் போய்த் தேடுவார்கள். பேராசிரியர்களும் இதற்கு விலக்கில்லை.

அந்தப் பெண் கணிதம் முதலாண்டில் சேர்ந்த அன்றே வந்தாள். கையில் ஒரு நீல நோட்டு. கணினியில் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, நேராகப் போய் எடுத்து வந்து நீட்டினாள்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"இதுல சொல்லிக் கொடுக்க என்ன சார் இருக்கு?" என்று சிரித்தாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு மற்ற பிள்ளைகளும் என் மேஜையைத் தாண்டிப் போய் அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைப்பானேன்?

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், அவள் அடிக்கடி எடுக்கும் ஒரு புத்தகத்தின் சீட்டை உரித்து, 515.35 என்பதை 515.53 ஆக்கி ஒட்டினேன். கணினியிலும் மாற்றினேன். புத்தகத்தை இரண்டு தட்டு தள்ளி வைத்தேன். ஒரே ஒரு தடவை என் மேஜைக்கு வரட்டும் என்றுதான் நினைத்தேன். வந்தாள்.

"போன வாரம் இங்கதான சார் இருந்துச்சு?"

"இல்லம்மா, அது எப்பவும் அங்கதான் இருக்கு. நீ எண்ணை மாத்தி எழுதியிருப்ப."

எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொன்னாள். அன்று மதியச் சாப்பாடு ருசியாக இருந்தது.

அடுத்த வாரம் பழைய எண்ணையே திரும்ப ஒட்டினேன். பிறகு வேறு புத்தகங்கள். அவள் நோட்டில் எண்களை அடித்துத் திருத்திப் பக்கத்தில் தேதி போட ஆரம்பித்தாள். ஒரு மதியம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. யாரோ சாமானை எல்லாம் மாத்தி மாத்தி வைக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு எட்டு வயசுல ஆஸ்பத்திரியில சேத்தாங்க. இன்னும் அங்கதான் இருக்காங்க." நோட்டை மூடி வைத்துவிட்டு, "எனக்கும் அப்படி ஆகுதா சார்?" என்றாள்.

"நல்லாத் தூங்கும்மா. புள்ளி வச்ச எண்ணு யாரையும் குழப்பும்" என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்று சாயங்காலம் நான்கு சீட்டுகள் மாற்றினேன்.

என்னைச் சந்தேகப்பட அவளுக்கு வழியே இல்லை. யாரோ மாற்றி வைக்கிறார்கள் என்று நினைத்தாலே அவள் தன் அம்மாவாகிவிடுவாள். அதனால் என்னிடமே கேட்டாள், தினமும் கேட்டாள். விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்டி, "இது மூணுதான சார்?" என்பாள். தேர்வில் சரியாகப் போட்ட கணக்கையெல்லாம் அடித்துவிட்டுத் தாளைக் கொடுத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கடைசியாக அவள் தேடி வந்தது 616.89. மனநோய்ப் புத்தகங்கள் இருக்கும் வரிசை. அந்தச் சீட்டு எதையும் நான் தொட்டதில்லை. கேட்காமலே போய் எடுத்து, நின்றபடியே வெகுநேரம் படித்தாள். மறுவாரம் அவள் அப்பா வந்து விடுதியிலிருந்து கூட்டிப் போனார். இப்போது அம்மா இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே, அடுத்த வார்டில் இருக்கிறாள்.

அந்த நோட்டை அப்பா கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தார். என் கையெழுத்தில் உள்ள நூல் வரவுப் பதிவேட்டோடு நீங்கள் ஒப்பிட்டீர்கள். அவள் முதலில் எழுதிய எண் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. பதிவேட்டில் நான் கை வைக்கவில்லை. பதிவேட்டைத் திருத்துவது குற்றம்.

விஷயத்தை அவளிடம் சொல்லிப் பார்த்தோம், நம்பவில்லை என்கிறீர்கள். "என்னைத் தேத்துறதுக்குச் சொல்றீங்க. நம்பர் சார் ஒருத்தர்தான் எனக்கு ஒத்தாசையா இருந்தாரு" என்றாளாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். மொத்தம் நாற்பத்தொரு சீட்டுகள். அத்தனையையும் பழையபடி ஒட்டிவிட்டேன், நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம், ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. அவள் திரும்பி வந்தால் அலைந்து தேட வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னிடம் கேட்டால் போதும்.