காரை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஜன்னலோரம் ஒரு போட் இன்ஜின் மெக்கானிக், பக்கத்தில் அவருக்குப் பழக்கமான பலசரக்குக் கடைக்காரர்.

“கார் வாங்கிட்டு பஸ்ல வாரிய அண்ணாச்சி?” என்றார் கடைக்காரர்.

“காத்து அடிக்குல்லா தம்பி. காத்து நிக்காம வண்டிய எடுக்க மாட்டேன்.”

“அது என்ன பாய்மரமா?”

“ஸ்போர்ட்ஸ் காரு! ரெண்டே சீட்டு. உப்புக்காத்துல துருப்பிடிச்சுக் கெடந்தத பழைய இரும்பு விலைக்கு எடுத்தேன். ஒரு வருஷம் ஒத்தையாளா வேலை பாத்தேன். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுனது, போன வாரம் இதே ரோட்டுல பதினாலு ஓடிச்சு.”

“பொறவு என்ன?”

“அன்னைக்கு தெக்கத்திக் காத்து பின்னால தள்ளிச்சே!”

“யாரு அப்படிச் சொன்னா?”

“நாந்தான் சொல்லுதேன். முப்பது வருஷம் போட் ஓட்டிப் பாத்தவன். காத்து குடுத்தத இன்ஜின் குடுத்ததுன்னு சொல்லுவேனா?”

“திரும்பி வரும்போது பாக்க வேண்டியதுதான?”

“எதுத்த காத்துல கொறஞ்சா வண்டிக்குல்லா கெட்ட பேரு.”

ஆத்தூர் வந்தது. மெக்கானிக் வெளியே எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் ஒரு வாழை இலைகூட அசையவில்லை.

“நிறுத்துங்க, எறங்கணும்!”

“தூத்துக்குடிக்குல்லா டிக்கெட் எடுத்திய?”

அதற்குள் அவர் இறங்கி, எதிரே வந்த திருச்செந்தூர் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டே கத்தினார்:

“வண்டிய எடுத்துட்டு வாரேன்! பதினாலுக்குக் கொறஞ்சா, இனி ஒம்ம கடைக்கு நடந்தே வாரேன்வே!”