பக்கத்து வானம்

முட்டை பொரிப்பதில் என் மாப்பிள்ளையை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஐயா. ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் மஞ்சள் கரு ததும்பி நிற்கும். தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்ததிலிருந்து ஒன்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு எனக்கு மாடியில், அவர்கள் வீட்டில்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்குள் மனஸ்தாபம் என்று எதுவும் இருந்ததில்லை. விசாரணைக் குழுத் தலைவர் என்ற முறையில் நீங்கள் அதை முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

அவர் ஆராய்ச்சியாளர். நான் அதே நிறுவனத்தில் தரவுப் பிரிவு; தொலைநோக்கியில் பதிவாகி வருவதைத் தூசு தட்டிச் சுத்தம் செய்து கொடுப்பவன். பிரமாண்டமான நீள்வட்ட விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் இருக்கும் விண்மீன்கள் எங்கே பிறந்தன என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கேள்வி. நடுவில் இருப்பவை அங்கேயே பிறந்தவை, அதில் சந்தேகமில்லை. ஓரத்தில் இருப்பவை வந்தேறிகள் என்றார் அவர். சின்னச் சின்ன மண்டலங்களில் பிறந்தவையாம். அந்தச் சின்ன மண்டலங்களைப் பெரியது விழுங்கிவிட்டதாம், உள்ளே இருந்த விண்மீன்கள் மட்டும் ஓரத்தில் சிதறிக் கிடக்கின்றனவாம். அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இரும்பு குறைவு, அந்த இரும்போடு ஒப்பிட்டால் மெக்னீசியம் அதிகம். வெகு காலத்துக்கு முன்னால் சின்ன இடத்தில் அவசர அவசரமாகப் பிறந்தவற்றின் அடையாளம் அது.

"பொறந்த வீட்டு அடையாளம் லேசுல போகாது மச்சான். உங்க தங்கச்சியவே பாருங்களேன், உங்க மூக்கு, உங்க கோபம்" என்று சிரிப்பார். தட்டில் இன்னொரு முட்டை விழும்.

அந்த ஓரத்து ஒளி மிகவும் மங்கல். நூறு பங்கு வெளிச்சம் பதிவானால் தொண்ணூற்றொன்பது பங்கு வானத்துடைய சொந்த வெளிச்சம். அதனால் பக்கத்தில் எதுவுமே இல்லாத வெற்று வானத்தைத் தனியாகப் பதிவுசெய்து, அதைக் கழிப்போம். அந்த வெற்று வானம் மண்டலத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி இருக்க வேண்டும். கிட்டத்தில் எடுத்தால், வெற்று என்று நாம் நினைப்பதிலும் அதே மண்டலத்தின் விண்மீன்கள் மங்கலாகக் கலந்திருக்கும். மண்டலத்தின் ஒளியிலிருந்து அதன் ஒளியையே கழித்துவிடுவோம். ஒவ்வொரு முறையும் இரண்டு பதிவு வரும்: கருவியைச் சோதிக்கக் கிட்டத்து வானம், கழிப்பதற்குத் தூரத்து வானம்.

முதல் மண்டலத்தில் அவர் சொன்னது பலித்தது. இரண்டாவதிலும் பலித்தால் கடல் கடந்து ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை என்று கடிதம் வந்தது. தங்கை அதைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்தாள்.

"அண்ணா, கிடைச்சா அங்கேயே இருந்துடலாம்னு இருக்கோம். லீவுக்கு நீங்க வாங்க."

சந்தோஷம் என்றேன். லீவுக்கு என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. என் மனைவி காலமாகி ஆறு வருஷம். தலைக்கு மேலே அந்த இரண்டு பேரின் காலடிச் சத்தம் கேட்பதால்தான் நான் சோறு தின்கிறேன், குளிக்கிறேன், சட்டைக்குப் பொத்தான் போடுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது ஐயா. ஐம்பத்து நான்கு வயது ஆளுக்கு அப்படி ஒரு பயம் வரும் என்று எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். இரண்டாவது மண்டலத்தின் கிட்டத்து வானம், தூரத்து வானம், இரண்டு கோப்புகளின் பெயரையும் இடம் மாற்றினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கிட்டத்து வானத்தைக் கழித்ததும் ஓரத்து ஒளி கரைந்தது; மிச்சத்தில் யாராலும் எதையும் படிக்க முடியாது. சரிபார்க்கச் சொல்லி மாப்பிள்ளை முதல் மண்டலத்தையும் கொடுத்தார். அதையும் அதே மாதிரி செய்து கொடுத்தேன்.

அவர் நேர்மையான மனிதர். நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று, என் முடிவு தப்பு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். வெளிநாட்டு வேலை போயிற்று. நான் விரும்பியது அவ்வளவுதான்.

அதன்பிறகு அடுப்புப் பக்கம் அவர் போகவில்லை. ஐந்தாம் நாள் என் அறைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு. நாம கழிச்ச வானம் ரொம்பக் கிட்டத்துல எடுத்ததா இருக்குமோ?"

"நானே பார்த்தேன் மாப்பிள்ளை. தூரத்துலதான் எடுத்திருக்கு."

"நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். போகும்போது நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

நடுவில் ஏழு நாள் இருந்ததே, சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தினமும் சொல்லத்தான் படியேறினேன். தங்கை கதவைத் திறப்பாள். "வாங்கண்ணா, நீங்க இருக்கறதுதான் எங்களுக்குத் தெம்பு" என்பாள். அதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது? எனக்கு அது நிறைவாக இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் வேலையிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து பதில் இல்லை. பூட்டை உடைத்தது நான்தான். அவரை இறக்கிக் கிடத்தியதும் நான்தான்.

போன மாதம் வேறொரு குழு அவர் சொன்னதையே கண்டுபிடித்து அறிவித்ததும், நீங்கள் பழைய கோப்புகளைத் திறந்தீர்கள். அதில் இருப்பது உண்மை. பெயரை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன், அவர் வந்து கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னேன். நேற்று தூரத்து வானத்தை வைத்து மறுபடி கழித்துப் பார்த்தேன். இரும்பு, மெக்னீசியம், எல்லாம் அவர் சொன்ன அளவிலேயே இருக்கிறது. அவர் திரும்பப் பெற்ற கட்டுரையை அவர் பெயரிலேயே சரிசெய்து கொண்டுவந்திருக்கிறேன், இதோ. ஒரே ஒரு சொல்லைத்தான் திருத்தினேன். பெரிய மண்டலம் சின்னவற்றை விழுங்கியது என்று எழுதியிருந்தார். சேர்த்துக்கொண்டது என்று போட்டிருக்கிறேன். அதுதான் சரியான சொல் என்று படுகிறது.

தங்கையிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள். மாடியில்தான் இருப்பாள், எங்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை முட்டையை இப்போது நான்தான் பொரித்து மேலே கொண்டுபோகிறேன். அவள் சாப்பிடுவதில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்வதில்லை.