அச்சேறிய ஒரு வரி

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, மறைந்த அம்மையாரின் மகள் கார்த்திகா அவர்களே, மதுரையிலிருந்து வந்திருக்கும் பதிப்பாளர் காசிராஜன் அவர்களே, போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் பொட்டிபுரத்திலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, இன்றைய கூலியை விட்டுவிட்டு, மலைக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் பால்ராஜ். நமது வாசகர் வட்டத்தின் செயலாளர். நாவலாசிரியர் சந்திரவல்லி அம்மையார் எழுதியதையெல்லாம் முதலில் படித்தவன். முதலில் திட்டு வாங்கியவனும் நானே! "நல்லாருக்குன்னு சொல்றதுக்கு ஒங்கள எதுக்குண்ணே கூப்பிடணும்? எங்க தப்புன்னு சொல்லுங்க" என்பார். தப்பைச் சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டார். அப்படிப்பட்ட ஒருவரை இழந்துவிட்டு நிற்கிறோம்.

ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, இரவில் எழுதிய பெண்மணி அவர். "மலை இறங்கும் ஜீப்பு" என்ற நாவலை இந்த ஊரில் படிக்காதவர் உண்டா? படிக்காதவர்களும் கதையைச் சொல்வார்களே! ஏலக்காட்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப்பு வளைவில் கவிழ்கிறது. காய் எடுக்கப் போன ஒருத்தி இறந்துபோகிறாள். ஆளை அடைத்து ஏற்றிய கங்காணி அமாவாசை, அவள் சாவுக்குப் போகவே இல்லை. "அமாவாசை கடைசிவரை அந்த வாசலை மிதிக்கவில்லை." அந்த வரியைப் படித்துவிட்டு அழாதவர் யார்?

அந்த வரி எங்கிருந்து வந்தது? அம்மையாரோடு அதே கடையில் காய் பிரித்த ராக்குவின் கண்ணீரிலிருந்து வந்தது. இறந்தது ராக்குவின் அக்கா. ஜீப்பின் கங்காணி நம் ஊர்க்காரர். நாவல் வந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? அவரை அமாவாசை என்றே கூப்பிட ஆரம்பித்தது. டீக்கடையில் அமாவாசை, பஸ் ஸ்டாண்டில் அமாவாசை! பெண்கள் அவர் ஜீப்பில் ஏறவில்லை. தொழில் போனது. கொஞ்ச காலத்தில் மனிதரும் போய்ச் சேர்ந்தார். அவர் சாவுக்கு ஒட்டிய சுவரொட்டியில் யாரோ கரியால் அமாவாசை என்று எழுதிவைத்தார்கள். நம்மில் ஒருவர்தான் எழுதியிருக்க வேண்டும்.

அதன் பிறகு ஒருநாள் அந்தக் கங்காணியின் மனைவி சுந்தரம்மாள், நம் சந்திரவல்லி அம்மையாரின் வீட்டுக்கு வந்தார். அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவர் சண்டை போடவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஊரு சொல்லித்தான் தெரியும். அவரு போகலைன்னு எழுதுனீக, சரி. ஏன் போகலைன்னு யாராச்சும் கேட்டீகளா?"

மகன் ஈஸ்வர், விபத்து நடந்த அந்தக் கார்த்திகையில் முதன்முதலாகச் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். வீட்டில் கன்னிசாமி இருக்கும்போது சாவு வீட்டுத் தீட்டு ஆகாது என்று சுந்தரம்மாள் கணவரைப் போக விடவில்லை. அவ்வளவுதான். மலை வழியில் மகனுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்ற தாயின் பயம்! மாலை கழற்றிய பின் போகலாம் என்றிருந்தார்கள். அதற்குள் ஊர் பேசிவிட்டது. பிறகு போக முகமில்லை.

அன்றுதான் அம்மையார் இரண்டாவது புத்தகத்தை ஆரம்பித்தார். அந்த நாவலுக்குத் துணையாக ஒரு குறுநாவல். அதே விபத்து, அதே சாவு, ஆனால் கங்காணி மனைவியின் வீட்டுக்குள்ளிருந்து. எழுதிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஐயோ, அந்தக் குறுநாவல் அவரைப் படுத்திய பாடு!

நண்பர்களே, புதிய கதை எழுதுகிறவருக்கு எதிரே வெறும் தாள் இருக்கிறது. துணைக்கதை எழுதுகிறவருக்கு எதிரே அச்சடித்த புத்தகம் இருக்கிறது. தான் எழுதியதே தன் கையைப் பிடித்து இழுக்கும். நாவலைப் படித்தவருக்குச் சொன்னதையே சொன்னால் சலிக்கும். சொல்லாமல் விட்டால், படிக்கத் தெரியாத சுந்தரம்மாளுக்கு யாராவது வாசித்துக் காட்டும்போது ஒன்றும் புரியாது. "மொதப் புத்தகம் தெரியாதவகளுக்கும் இது முழுசா இருக்கணும்ணே. இல்லேன்னா இது வெறும் மன்னிப்புக் கடுதாசி" என்றார் அம்மையார்.

இதையெல்லாம் விடப் பெரிய தடங்கல் எது தெரியுமா? ஒரு தட்டுப் பரோட்டா! சிரிக்காதீர்கள். நாவலில் விபத்து நடக்கிற அன்று காலை, அமாவாசை மலைமேல் ஒரு கடையில் பரோட்டாவும் கோழிக்குழம்பும் வெட்டுகிறான். அவனைப் பெருந்தீனிக்காரனாகக் காட்ட அம்மையார் கற்பனையில் வைத்தது. வீட்டில் மகன் மாலை போட்டிருக்கும்போது அப்பன் எப்படிக் கோழி தின்பான்? தின்றவன் தீட்டுக்குப் பயந்தான் என்றால் யார் நம்புவார்?

அடுத்த பதிப்பில் பரோட்டாவை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். என்னை ஒரு முறை முறைத்தார்.

"படிச்சவுக மனசுல போனத நான் எப்படிண்ணே திரும்ப எடுப்பேன்? ஒரு எழுத்தத் தொட மாட்டேன். நான் வச்ச பரோட்டா, நாந்தான் அதோட மல்லுக்கட்டணும்."

வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். பிறகு ஒருநாள் போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. "அண்ணே, அவன் திருட்டுத்தனமாத்தான் தின்னான். சாயங்காலம் ஜீப்பு கவிழ்ந்துச்சு. தான் விரதத்தக் கெடுத்ததாலதான் அந்தப் பொம்பள செத்தான்னு நம்புறான். பொண்டாட்டி போகாதேன்னு சொல்றதுக்கு முன்னாடியே அவனுக்குக் கால் எழும்பல." தடங்கலாக நின்ற பரோட்டாதான் குறுநாவலின் உயிர் ஆனது. நாவலில் ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனால் அமாவாசை மனிதனாகிவிட்டான். என்ன எழுத்து! என்ன நேர்மை!

சுந்தரம்மாளிடம் இதை வாசித்துக் காட்டியபோது நானும் இருந்தேன். கோபப்படுவாரோ என்று பயந்தோம். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்புறம் அழுதார். "தின்னுருப்பாரு. அவரு நாக்கு எனக்குத் தெரியாதா? எங்கிட்டச் சொல்லிருக்கலாமே மனுசன்" என்றார்.

கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை. கங்காணி மனைவி, இறந்தவளின் வீட்டுக்குப் புறப்படுகிறாள். தெருமுனை வரை வருகிறாள். அம்மையார் அங்கேயே நின்றுவிட்டார். ராக்குவிடம் இதை எப்படிக் காட்டுவது என்ற தவிப்பு அவருக்கு. "நெசத்துல ரெண்டு பேரும் இன்னும் மூஞ்சி பாத்துக்கல. நான் பாட்டுக்குக் கட்டிப்பிடிக்க வச்சா அது பொய்யில்லையா?" என்று கேட்டார். போன மாதம் அந்தக் கேள்வியோடே நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

அவர் உடல் கிடந்த வீட்டில் நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். ராக்கு தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சாவு வீட்டுக்குள் வருகிற பெண்ணை, உட்கார்ந்திருக்கும் பெண்கள் கட்டிக்கொண்டு அழ வேண்டும். வந்தவள் யார் என்று பார்த்துக் கை நீட்டுகிற வழக்கம் நமக்குக் கிடையாது. சுந்தரம்மாள் உள்ளே வந்தார். ராக்குவின் கைகள் தாமாக நீண்டன. பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"எங்கக்காவப் பாக்க வராதவக, இவுகளப் பாக்க வந்தீகளா ஆத்தா?"

"அவரு வர்றேன்னுதான் நின்னாரு தாயி. நாந்தான் வாசல மறிச்சேன். நாந்தான் விடல."

ராக்கு கையை எடுக்கவில்லை. இருவரும் அப்படியே உட்கார்ந்து அழுதார்கள்.

பதிப்பாளர் காசிராஜன் அவர்களே, கடைசி அத்தியாயத்தை என்னை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத மாட்டேன். நாவலையும் குறுநாவலையும் ஒரே அட்டைக்குள் போடலாம் என்றீர்கள். அதுவும் கூடாது, தனிப் புத்தகமாகவே வர வேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். அவர் நிறுத்திய தெருமுனையிலேயே அது நிற்கட்டும். அச்சாகும்வரை நான் ஓய மாட்டேன் என்று அவர் படத்தின் முன் உறுதி சொல்கிறேன். அச்சானதும் ராக்குவுக்கும் சுந்தரம்மாளுக்கும் நானே வாசித்துக் காட்டுவேன்.

ஆனால் நம் பங்கு ஒன்று இருக்கிறது. அம்மையார் ஒரு வரி எழுதினார். அந்த வரியைக் கல்லாக எடுத்து எறிந்தவர்கள் நாம். தன் வரிக்குப் பதில் சொல்ல அவர் ஒரு புத்தகமே எழுதினார். நாம் என்ன செய்யப் போகிறோம்?

இப்போது எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவது வழக்கம். இன்று மௌனம் வேண்டாம். நானும் இவ்வளவு நேரம் அந்தக் கங்காணியின் பெயரைச் சொல்லாமலே பேசிவிட்டேன். எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். சுந்தரம்மாள் கேட்கும்படி, சந்திரவல்லி அம்மையாருக்காக, தயவுசெய்து எழுந்து நின்று என்னோடு சொல்லுங்கள். அவர் பெயர் உக்கிரபாண்டி.