சொந்த மனுசியில் பெயில்

சுன்னாகத்தில் பஸ் ஏறிய பெரியவர் எனக்கு முன் சீற்றில் இருந்ததும் பக்கத்தில் இருந்த ஊர்க்காரரிடம் சொன்னார்: "நான் என்ரை மனுசியிலை பெயில், தம்பி."

"என்னண்ணை கதைக்கிறியள்?"

"அவ கனடாவுக்கு மகளிட்டைப் போய்ப் பத்து வருசம். என்னைக் கூப்பிடுறதுக்கு, மெய்யான புருசன் பெண்சாதியோ எண்டு பாக்க எனக்குக் கொழும்பிலையும் அவவுக்கு அங்கையும் இன்டர்வியூ வைச்சவை. மனுசிக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டினம். ஒண்டுமில்லை, கல்லுமாதிரி இருக்கிறா எண்டன். அவவுக்கு எட்டு வருசமாய்ச் சீனி வருத்தமாம்."

"உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"கவலைப்படுவன் எண்டு மறைச்சிட்டா. நான் விசரன், போற ஆக்களிட்டையெல்லாம் பனங்கட்டியும் பயத்தம் பணியாரமும் எண்டு இனிப்பாய்க் குடுத்துவிட்டனான். நல்ல ருசி, முடிஞ்சுது எண்டுவா. உடனை திருப்பியும் குடுத்துவிடுவன்."

மற்றவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"உங்கடை பைபாஸ் ஒப்பறேசன் அவவுக்குத் தெரியுமோ, அண்ணை?"

"நான் ஏன் சொல்லுவான்? பயந்திடுவா."

"அப்ப உங்கடை வருத்தத்தைக் கேக்க, அவவும் ஒண்டுமில்லை எண்டுதானே சொல்லியிருப்பா."

பெரியவர் சீற்றுக் கம்பியைப் பிடித்தபடி அவர் பக்கம் திரும்பினார்.

"ஓம். ரெண்டு பேரும் ஒரே மறுமொழி. பாத்தெழுதினதெண்டு நினைச்சிருப்பினம்."