தொடக்கூடாத மாத்திரை

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். முன்மண்டை வழுக்கையானவர் சொன்னார்: "முடி வளர்ற மாத்திரை எனக்குத்தான் மச்சான். ஆனா உன் தங்கச்சி அதைத் தொடவே கூடாதாம்."

"அப்ப லோஷன் போடு லா."

"அதைப் போட்டா மொதல்ல இன்னும் கொட்டுமாம். அப்புறம்தான் வளருமாம்."

"கொட்டுறதுக்கா மருந்து? மாத்திரையே எடு. அவ தொட்டா என்னவாம்?"

"ஒடஞ்ச மாத்திரையை மாசமா இருக்கிறவங்க தொட்டா பிள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"யாரு மாசமா இருக்கா?"

வழுக்கைக்காரர் விழித்தார். "யார்கிட்டயும் இப்ப சொல்லாதீங்கன்னு சொல்லியிருந்தா, மச்சான்."

"கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சு..." மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் எந்த மருந்தைத்தான் எடுக்கிறது?"

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.